பெயர் வைக்க 182 வருஷம்!

செமஸ்டர் நேரம். ராத்திரி ஒண்ணரை மணி. ஹாஸ்டல் ரூமில் ட்யூப் லைட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்து, சீனியர் குறித்துக் கொடுத்த ‘கண்டிப்பா வரும்’ கேள்விகள் ஐந்தை மட்டும் உருப்போட்டுக்கொண்டு இருக்கிறீர்கள். கழுத்தில் ஏதோ ஊர்கிற மாதிரி இருக்கிறது. எறும்பா, கொசுவா என்று ஆராய்ச்சி பண்ண இதுவா நேரம்? பட்டென்று ஒரு அடி. அப்படியே தேய்த்துவிட்டு, அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறீர்கள்.

மறுநாள் ஒன்றும் தெரியாது. அதற்கடுத்த நாள் காலையில் கண்ணாடி பார்த்தால்... கழுத்தில் ஒரு கோடு! கொதிக்கிற எண்ணெய் தெறித்த மாதிரி சிவந்து, கொப்புளம் கட்டி, தொட்டால் உயிர் போகிறது. ரூம்மேட்ஸ் சும்மா இருப்பார்களா? “யாருடா மச்சி அது... சொல்லவே இல்ல!” என்று ஆரம்பித்து மெஸ் வரைக்கும் நியூஸைக் கொண்டுபோய்விடுவார்கள்.

எனக்கு இது செகண்ட் இயரில் நடந்தது பாஸ். மூன்று நாள் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு திரிந்தேன். கடைசியில் காரணம் சொன்னது டாக்டர் இல்லை, விலங்கியல் படித்துக்கொண்டிருந்த என் ரூம்மேட். “இது ஆசிட் பூச்சிடா. அது கடிக்காது, கொட்டாது. நீ நசுக்கினதாலதான் இப்படி. பேசாம ஊதி விட்டிருந்தா அது பாட்டுக்குப் போயிருக்கும்” என்றான்.

அன்றைக்குப் பாதிதான் நம்பினேன். பிறகு படித்துப் பார்த்தால், பயல் சொன்னது அத்தனையும் நிஜம். அந்தப் பூச்சியின் பெயர் பீடெரஸ். ஆரஞ்சும் கறுப்புமாக, ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. எறும்புக்குக் கோட்டு மாட்டிவிட்ட மாதிரி இருக்கும். அதன் உடம்புக்குள் இருக்கிற நீரில் பீடெரின் என்று ஒரு நஞ்சு. அதைக்கூட அது சொந்தமாகத் தயாரிப்பதில்லை; உள்ளே குடியிருக்கும் பாக்டீரியா தயாரித்துக் கொடுக்கிறது. நம் ஹாஸ்டலுக்கு அது வருவது நம்மைத் தேடி இல்லை, விளக்கைத் தேடி. மற்றபடி அதன் வேலை நெல்வயலில். பயிரைக் கருக்கும் புகையான் பூச்சியைப் பிடித்துத் தின்கிற, விவசாயிக்கு வேண்டிய ஆள் அது! (இனிமேல் கழுத்தில் ஊர்ந்தால் ஊதுங்கள். தப்பித்தவறி நசுக்கிவிட்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவுங்கள். கண்ணைக் கசக்க வேண்டாம். இது இந்த வாரத்து இலவச இணைப்பு.)

இந்த ஆசிட் பூச்சியின் குடும்பத்துக்குப் பெயர் ரோவ் வண்டுகள். ‘வண்டு’ என்றதும் உருண்டையாக, முதுகில் ஓடு போட்டுக்கொண்டு இருக்கும் ஒன்றுதானே உங்கள் நினைவுக்கு வருகிறது? இவை அப்படி இல்லை. ஒல்லி உடம்பு. முதுகு ஓடு பாதியில் நின்றுவிடும். தம்பியின் சட்டையை அண்ணன் எடுத்து மாட்டிக்கொண்ட மாதிரி, வயிறு முழுக்க வெளியே தெரியும். பயந்தால் வாலைத் தேள் மாதிரி தூக்கிக் காட்டும். சும்மா பந்தா, கொடுக்கெல்லாம் கிடையாது!

‘சரி, ஓடு இத்தனை சின்னது, அப்புறம் இறக்கையை எங்கே வைக்கும்?’ என்று கேட்டால், அங்கேதான் விஷயம். அந்தக் குட்டி ஓட்டுக்கு அடியில், தன்னைவிடப் பல மடங்கு பெரிய இறக்கையை மடித்துச் செருகிக்கொள்கிறது. எட்டு முழ வேட்டியை மடித்துப் பர்ஸுக்குள் வைக்கிற வித்தை. 2014-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் அதிவேகக் கேமரா வைத்து இதைப் படம் பிடித்தார்கள். இடது இறக்கையை ஒரு மாதிரியும் வலது இறக்கையை வேறு மாதிரியும் மடிக்கிறதாம். வேண்டும் என்றால் பக்கம் மாற்றியும் மடிக்குமாம். நமக்கு ஒரு பெட்ஷீட்டை ஒழுங்காக மடிக்க வரவில்லை.

இந்தக் குடும்பத்தில் இதுவரை பெயர் வைக்கப்பட்ட இனங்கள் 65,000-க்கும் மேல். இன்னொரு தடவை படியுங்கள். உலகத்தில் இருக்கிற பறவைகள், பாலூட்டிகள், பாம்பு பல்லி வகையறாக்கள், தவளைகள் எல்லா இனத்தையும் கூட்டினாலும் இந்த ஒரு வண்டுக் குடும்பத்தின் எண்ணிக்கையைத் தொடாது. அதுவும் இது ‘பெயர் வைத்த’ கணக்குதான். வைக்காதது எத்தனையோ? வெப்பமண்டலக் காட்டில் காய்ந்த இலைக்குப்பையை ஒரு கை அள்ளினால் அதில் பெயரில்லாத ஒன்று இருக்க நல்ல வாய்ப்பு உண்டு என்கிறார்கள்.

ஆனால் பெயர் வைப்பது என்றால் என்ன? காட்டுக்குப் போய், புதுசாக ஒரு வண்டைப் பார்த்து, “ஆ! புது இனம்!” என்று கத்தி, மறுநாள் பேப்பரில் போட்டோ... இப்படித்தானே நினைத்துக்கொண்டு இருக்கிறோம்? நானும் அப்படித்தான் நினைத்தேன், டார்வினின் வண்டுக் கதையைப் படிக்கிற வரைக்கும்.

டார்வின் என்றதும் தாடி வைத்த தாத்தாதானே ஞாபகம் வருகிறார்? அவருக்கும் ஒரு காலேஜ் லைஃப் இருந்தது பாஸ். அப்பா டாக்டர், அதனால் பையனும் டாக்டராகணும் என்று எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். (எங்கேயோ கேட்ட கதை மாதிரி இல்லை?) மயக்க மருந்து இல்லாத காலத்து ஆபரேஷனைப் பார்த்து மிரண்டு, படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிட்டார். சரி, பாதிரியாராவது ஆகட்டும் என்று கேம்பிரிட்ஜில் சேர்த்தார்கள். அங்கே போய் அவர் உருப்படியாகச் செய்தது வண்டு பிடித்ததுதான்!

அந்த வெறியைப் பற்றி அவரே தன் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார். ஒரு நாள் மரப்பட்டையை உரித்துக்கொண்டு இருக்கிறார். இரண்டு அபூர்வ வண்டுகள். கைக்கொன்றாகப் பிடித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மூன்றாவதாகப் புதுசாக ஒன்று ஓடுகிறது. கை இரண்டும் ஃபுல். மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? வலது கையில் இருந்த வண்டைத் தூக்கி வாய்க்குள் போட்டுக்கொண்டார்! அது சும்மா இருக்குமா, நாக்கில் எரிகிற திரவத்தைப் பீய்ச்சி அடித்தது. துப்பினார். துப்பினதும் போச்சு, மூன்றாவதும் போச்சு.

இப்படிப்பட்ட ஒரு ஆளை 1831 டிசம்பரில் பீகிள் கப்பலில் ஏற்றி அனுப்பினால் என்ன ஆகும்? போகிற இடமெல்லாம் பொறுக்கினார். 1832 செப்டம்பரில் கப்பல் அர்ஜென்டினாவில் பாஹியா பிளாங்கா என்ற இடத்தில் நின்றது. அப்போது அவருக்கு 23 வயது. உங்களில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு ‘அடுத்து என்ன?’ என்று யோசித்துக்கொண்டு இருக்கிற அண்ணன், அக்கா வயசு. அங்கே கடற்கரை மண்ணிலிருந்து யானை சைஸ் விலங்குகளின் எலும்புகளைத் தோண்டி எடுத்தார். செத்து மறைந்துபோன ராட்சச விலங்குகள்! இங்கிலாந்தே அந்த எலும்புகளைப் பற்றிப் பேசியது. அந்த எலும்பு கிடைத்த அதே ஊரில்தான், தலையும் கழுத்துப்பட்டையும் பச்சை நீலமாக மினுங்கும் ஒரு ரோவ் வண்டையும் அவர் பிடித்தார்.

வண்டு லண்டன் வந்து சேர்ந்தது. டார்வின், தான் கொண்டுவந்த பூச்சிகளை ஒரே ஆளிடம் கொடுக்கவில்லை. ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்தார். பலதுக்குப் பெயர் கிடைத்தது. இதற்குக் கிடைக்கவில்லை. அருங்காட்சியகத்தில் வகை பிரிக்காத வண்டுகளோடு வண்டாக எங்கோ போய்ச் சேர்ந்தது. பிறகு எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போனது. யோசித்துப் பாருங்கள். உலகத்திலேயே ரொம்பப் புகழ்பெற்ற விஞ்ஞானி தன் கையால் பிடித்தது. அதற்கே இந்த நிலைமை!

கட் பண்ணினால்... அமெரிக்கா, டென்னசி மாநிலம், சாட்டனூகா. அங்கே பல்கலைக்கழகத்தில் ஸ்டைலியானோஸ் சாட்ஸிமனோலிஸ் என்று ஒரு பேராசிரியர். (பேரைப் படிக்க ரெண்டு மூச்சு வேணும், எடுத்துக்கோங்க.) அவருடைய ஏரியா ரோவ் வண்டுகள், அதிலும் ஸாந்தோபைஜினா என்கிற ஒரு கூட்டம். பெரும்பாலும் அமெரிக்கக் கண்டங்களின் வெப்பமண்டலத்தில் வாழ்கிற, கலர் கலராக மினுங்குகிற கூட்டம். ஆராய்ச்சிக்காக லண்டன் அருங்காட்சியகத்தில் இருந்து வண்டுகளைக் கடனாக வாங்குகிறார். லைப்ரரியில் புத்தகம் எடுக்கிற மாதிரி, அருங்காட்சியகங்களில் பூச்சியைக் கடன் வாங்கலாம், திருப்பிக் கொடுக்கணும். பெட்டி வருகிறது. திறக்கிறார். உள்ளே ஊசி குத்திய வண்டுகளில் ஒன்று மட்டும் எங்கேயும் பார்த்திராத மாதிரி இருக்கிறது. அடியில் இருந்த துண்டுச்சீட்டைப் படிக்கிறார். பாஹியா பிளாங்கா. டார்வின்.

அந்த நிமிஷம் அவருக்கு எப்படி இருந்திருக்கும்? எனக்கு எழுதும்போதே சிலிர்க்கிறது.

ஆனால் சிலிர்த்தால் போதாது. ‘இது புது இனம்’ என்று சொல்வதற்கு, ‘இது பழைய இனம் எதுவும் இல்லை’ என்று நிரூபிக்க வேண்டும். கஷ்டமே அங்கேதான் ஆரம்பம். 1758-ல் இருந்து, அதாவது லின்னேயஸ் காலத்தில் இருந்து, எவனோ ஒருவன் எங்கேயோ ஒரு மூலையில் லத்தீனிலோ ஜெர்மனிலோ நாலே நாலு வரி எழுதி இதே வண்டுக்குப் பெயர் வைத்திருந்தால், அந்தப் பெயர்தான் செல்லும். முந்தி வந்தவருக்கே முதல் மரியாதை, இதுதான் விலங்கியல் பெயர்களுக்கான சட்டம். ஆகவே பழைய புத்தகங்கள் அத்தனையும் புரட்ட வேண்டும்.

யார் யார் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் அது ஒரு தனிக் கூத்து. ஆஸ்திரியாவில் மாக்ஸ் பெர்ன்ஹாவர் என்று ஒரு நோட்டரி. பத்திரம், கையெழுத்து, முத்திரை என்று பிழைப்பு. மிச்ச நேரத்தில் ரோவ் வண்டு. அப்படியே 5,000-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்துவிட்டுப் போய்விட்டார் மனுஷன்! அவருடைய சேகரிப்பு இன்றைக்கு சிகாகோவில் ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் இந்தியாவின் ரோவ் வண்டுகளைப் பற்றி 1930-ல் இருந்து 1939 வரை தொகுதி தொகுதியாக எழுதியவர் மால்கம் கேமரன். கடற்படையில் டாக்டர்! நம் ஊர் வண்டு ஒன்றின் பெயரைச் சரிபார்க்கவும் இன்றைக்கும் அவருடைய புத்தகத்தில்தான் தொடங்க வேண்டும். புத்தகத்தில் சந்தேகம் வந்தால் அவர் பார்த்து எழுதின அந்த வண்டையே பார்க்க வேண்டும். அது லண்டனில்.

‘அந்த வண்டையே’ என்றேன் இல்லையா... அதற்கு ஹோலோடைப் என்று பெயர். ஒரு இனத்தை வர்ணித்து எழுதும்போது, ‘இந்தப் பெயருக்கு இந்த உடம்புதான் சாட்சி’ என்று ஒரே ஒரு வண்டைத் தேர்ந்தெடுத்து அருங்காட்சியகத்தில் வைத்துவிடுவார்கள். நூறு வருஷம் கழித்து யாருக்காவது தகராறு வந்தால் அதை எடுத்துப் பார்க்கலாம்.

வண்டைப் பார்ப்பது என்றால் சும்மா மேலாகப் பார்ப்பது இல்லை. மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து தலையின் அகலம், நீளம், கண்ணின் அளவு, மீசையில் உள்ள ஒவ்வொரு கணுவின் வடிவம், எங்கெங்கே முடி, எங்கெங்கே குழி, எல்லாம் அளந்து எழுதணும். அதற்கும் மேலே ஒன்று. (இதைப் படிக்கும்போது பக்கத்தில் யாராவது இருந்தால் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.) வெளித்தோற்றத்தில் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கிற இரண்டு இனங்களைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பு. அது வயிற்றுக்குள் மடங்கி இருக்கும். காய்ந்துபோன வண்டை வெந்நீரில் ஊறவைத்து, மெல்லிசான ஊசியால் அதை வெளியே எடுத்து, சுத்தம் செய்து, படம் வரைந்து, கிளிசரின் விட்ட குட்டிக் குப்பியில் போட்டு, வண்டு இருக்கிற அதே ஊசியில் கோத்து வைக்க வேண்டும். கை நடுங்கினால் போச்சு. அதுவும் டார்வின் பிடித்த வண்டு. வேறு ஸ்பேர் கிடையாது!

நல்லவேளை, இன்னொன்று இருந்தது. பெர்லின் அருங்காட்சியகத்தில். அதுவும் அர்ஜென்டினாதான், ரியோ குவார்ட்டோ என்ற ஊர். 1935-க்கு முன்னால் பிடித்தது. ஆக, உலகத்தில் தெரிந்தவரை மொத்தம் இரண்டே இரண்டு.

எல்லாம் முடித்து ஸூகீஸ் என்ற ஆய்விதழில் கட்டுரை வெளியானது 2014 பிப்ரவரி 12. அன்றைக்கு என்ன விசேஷம்? டார்வின் பிறந்தநாள்! வண்டு பிடிபட்டு 182 வருஷம் ஆகியிருந்தது. அது புது இனம் மட்டும் இல்லை, அதை வைக்க ஏற்கெனவே இருந்த பேரினம் எதுவும் பொருந்தாமல், பேரினமே புதுசாக உண்டாக்க வேண்டியிருந்தது. பெயர் டார்வினிலஸ் செடாரிசி.

டார்வினிலஸ் புரிகிறது. செடாரிசி? டேவிட் செடாரிஸ் என்று ஒரு அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர். பேராசிரியர் மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் புதைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வேலை செய்யும்போது, காதில் ஓடிக்கொண்டு இருந்தது அவருடைய ஆடியோ புத்தகங்கள்! நாம் பாட்டுப் போட்டுக்கொண்டு ரெக்கார்டு எழுதுவோமே, அந்த மாதிரி. அந்த நன்றிக்கு வண்டின் பெயரில் பாதி. இப்படி ஆள் பெயரில் வைக்கும்போது ஆண் என்றால் கடைசியில் ‘இ’, பெண் என்றால் ‘ஏ’ சேர்ப்பது லத்தீன் இலக்கணம். உங்கள் காதலி பெயரைக்கூட வைக்கலாம், தடை இல்லை. உங்கள் பெயரையே வைத்துக்கொள்ளவும் சட்டத்தில் தடை இல்லை. ஆனால் அப்படிச் செய்தால் அந்தத் துறையே வயிறு வலிக்கச் சிரிக்கும்.

இதில் எனக்கு உறைத்த இடம் வேறு. பெயர் வைத்தாகிவிட்டது சரி, வண்டு எங்கே? 1935-க்குப் பிறகு ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. அது வாழ்ந்த புல்வெளிகளில் பெரும்பகுதி விவசாய நிலமாக மாறிவிட்டது. கட்டுரையிலேயே பேராசிரியர் அந்தக் கவலையையும் எழுதியிருக்கிறார். எங்கேயாவது பிழைத்துக் கிடக்கலாம். இல்லை என்றால், பெயர் வரும்போது ஆள் இல்லை. பிறந்த சர்டிஃபிகேட்டும் இறந்த சர்டிஃபிகேட்டும் ஒரே கவரில் வந்த மாதிரி.

இது டார்வின் வண்டுக்கு மட்டும் நேர்ந்த விதி என்று நினைக்காதீர்கள். 2012-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். 2007-ல் புதிதாகப் பெயர் பெற்ற இனங்களில் 600-ஐக் குத்துமதிப்பாகப் பொறுக்கி, பிடிபட்ட வருஷத்துக்கும் பெயர் வைத்த வருஷத்துக்கும் நடுவில் எவ்வளவு என்று பார்த்தார்கள். சராசரி 21 வருஷம்! இன்றைக்குக் காட்டில் பிடிக்கிற ஒரு பூச்சிக்கு, இன்றைக்குப் பிறக்கிற குழந்தை டிகிரி முடிக்கும்போது பெயர் வரும். அருங்காட்சியகத்து இழுப்பறைகளில் தூங்கிக்கொண்டு இருக்கிற புது இனங்களின் வரிசை அவ்வளவு நீளம். பிடிக்க ஆள் இருக்கிறது, உட்கார்ந்து பார்க்க ஆள் இல்லை.

பிடிப்பது எவ்வளவு சுலபம் என்பதற்கு டெர்ரி எர்வின் கதை போதும். பனாமா காட்டில் ஒரே இனத்தைச் சேர்ந்த 19 மரங்களுக்குப் பூச்சிமருந்துப் புகை அடித்தார். மேலே இருந்து மழை மாதிரி கொட்டியதில் வண்டு இனங்கள் மட்டும் சுமார் 1,200. அதை வைத்து உலகத்தில் 3 கோடி பூச்சி இனங்கள் இருக்கலாம் என்று 1982-ல் எழுதினார். அதிகம் என்று சண்டை போட்டுப் பின்னால் வந்தவர்கள் குறைத்தார்கள். எத்தனை குறைத்தாலும், நாம் பெயர் வைத்திருப்பது கொஞ்சம்தான்.

பெயர் வைக்காதவற்றில் என்னவெல்லாம் இருக்கும்? ஒரே ஒரு சாம்பிள். 2023-ல் ஆஸ்திரேலியாவின் வடக்குப் பகுதியில் இருந்து ஒரு ரோவ் வண்டுக்குப் பெயர் வைத்தார்கள், ஆஸ்ட்ரோஸ்பிராக்தா காரிஜோய். கறையான்களோடு வாழ்கிற ஜீவன். அதன் வயிறு ஊதிப் பெருத்து, முதுகுப் பக்கமாக மடங்கி, அசல் கறையான் பொம்மை மாதிரியே இருக்கிறது; தலை, உடம்பு, கால் மாதிரி தொங்கல்கள் எல்லாம் உண்டு! கறையானுக்குக் கண் தெரியாது, மீசையால் தடவித்தான் ஆள் அடையாளம். தடவிப் பார்த்து, ‘நம்ம ஆள்தான்’ என்று ஏமாந்து, சோறும் ஊட்டிவிடுகின்றன என்று கருதுகிறார்கள். மிமிக்ரி பண்ணியே மெஸ் பில் கட்டாமல் சாப்பிடுகிற பார்ட்டி.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். விலங்கியல், தாவரவியல் படிக்கிறவர்கள் கொஞ்சம் கிட்டே வாருங்கள். நம் நாட்டுப் பல்லுயிர்ச் சட்டம் 2002-ல் வந்தது. யார் புது இனம் கண்டுபிடித்தாலும் அரசு குறித்துக் கொடுத்த நிறுவனத்துக்குத் தெரிவித்து, மாதிரியையும் அங்கே ஒப்படைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் சென்னையிலேயே இருக்கிறது. காட்டுக்குள் போய் எதையும் பிடிக்க வனத்துறை அனுமதி வேண்டும், அது வேறு. ஆனால் அதெல்லாம் பிறகு. முதலில் உங்கள் டிபார்ட்மென்ட்டில் ஒரு பூச்சிப் பெட்டி இருக்குமே, அதைப் போய்ப் பாருங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், என் ரூம்மேட்டிடம் ஒன்று இருந்தது. ஷூ வாங்கின அட்டைப்பெட்டி, உள்ளே தெர்மகோல், நாலு மூலையிலும் அந்துருண்டை. பிராக்டிகலுக்கு முப்பது பூச்சி வைக்கணும், பத்து மார்க். அவன் பிடித்தது ஏழோ எட்டோ. மீதி எல்லாம் சீனியரிடம் இருந்து ‘இன்ஹெரிட்’ ஆனது. அந்த சீனியருக்கு அவருடைய சீனியர். ஒரே வெட்டுக்கிளி அஞ்சு பேட்ச்சுக்கு மார்க் வாங்கிக் கொடுத்தது என்று பெருமையாகச் சொல்வான். தேர்வாளரும் எண்ணிப் பார்த்தாரே தவிர, எங்கே பிடித்தாய், எப்போது பிடித்தாய் என்று ஒருத்தனிடமும் கேட்டதில்லை.

டார்வினின் வண்டு 182 வருஷம் பெயர் இல்லாமல் கிடந்தது. ஆனால் அதன் அடியில் ஊர் பெயர் இருந்தது, பிடித்தவர் பெயர் இருந்தது. அந்தத் துண்டுச்சீட்டு மட்டும் கழன்று விழுந்திருந்தால் அது அழகான பச்சைத் தலை வண்டு, அவ்வளவுதான். எந்தக் கண்டத்தில் போய்த் தேடுவது?

இதை எழுத உட்கார்ந்தபோது ரூம்மேட் ஞாபகம் வந்து போன் போட்டேன். இப்போது ஊரில் ஸ்கூல் வாத்தியார். “டேய், அந்தப் பூச்சிப் பெட்டி என்னடா ஆச்சு?” என்றேன். “வீட்டுப் பரண்ல கிடக்கும்டா. ஏன்?” என்றான். டார்வின் கதையைச் சொன்னேன். “இரு, பார்த்துட்டுக் கூப்பிடறேன்” என்று வைத்தான்.

கால் மணி நேரத்தில் கூப்பிட்டான். பாதிக்கு மேல் பொடியாகி விட்டதாம். ஊசிகள் மட்டும் வரிசையாக நிற்கின்றனவாம். ஓரத்தில் ஒன்று முழுசாக இருக்கிறது என்றான். ஒல்லியாக, ஓடு பாதியில் நிற்கிறதாம், வால் பக்கம் நீலம் அடிக்கிறதாம். எனக்கு நெஞ்சு படபடத்துவிட்டது.

“லேபிள்ல என்னடா எழுதியிருக்கே?”

“வண்டு - 3.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான்டா.”

“எந்த ஊர்ல பிடிச்சே?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“மச்சி... அது நான் பிடிச்சது இல்லடா. சீனியர் குடுத்தது. அவர் நம்பர் இருக்கு, அவருக்கு யார் குடுத்தாங்கன்னு கேட்டுச் சொல்லவா?”